பி.டி. பீரியடில் உங்கள் பிள்ளை எங்கே இருக்கிறான்?

பள்ளிக்கூடத்தில் மணி அடிக்கிறது. பி.டி. பீரியடு! வகுப்பே 'ஹோ'வென்று கத்திக்கொண்டு மைதானத்துக்கு ஓடுகிறது. ஒரே ஒரு பிள்ளை மட்டும் பெஞ்சிலேயே உட்கார்ந்திருக்கிறது. பிறவியிலேயே கால் சூம்பியிருக்கலாம். விபத்தில் தண்டுவடம் அடிபட்டுச் சக்கர நாற்காலிக்கு வந்திருக்கலாம். பார்வை இல்லாதிருக்கலாம். "நீ இங்கேயே இருப்பா, எல்லார் பையையும் பாத்துக்கோ" என்று சொல்லிவிட்டு ஆசிரியர் போய்விடுவார். அவர் கெட்டவர் இல்லை, அன்பாகத்தான் சொல்கிறார். அந்த அன்பில்தான் சிக்கலே இருக்கிறது.

அதே பிள்ளை வளர்ந்து கல்லூரிக்குப் போகும். அங்கே பையைப் பார்த்துக்கொள்ளும் வேலைகூடக் கிடையாது. ஹாஸ்டல், வகுப்பு, லைப்ரரி... அவ்வளவுதான். மைதானம் இருக்கும் திசைக்கே அது போகாது. போகச் சொல்வாரும் இருக்கமாட்டார்கள்.

பாளையங்கோட்டை கல்லூரியில் சித்த மருத்துவம் படித்துவிட்டு வெளியே வந்த நாளிலிருந்து, இப்படிப்பட்ட பிள்ளைகளை அழைத்துக்கொண்டு வரும் பெற்றோரைப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். முதல் கேள்வி எப்போதும் ஒன்றே: "ஐயா, தைலம் போட்டா நடந்துருவானா?"

உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். தண்டுவடம் முழுக்க அறுந்துபோயிருந்தால், எந்தத் தைலமும் வர்மமும் தொக்கணமும் அதை ஒட்டவைக்காது. இளம்பிள்ளை வாதத்தில் செத்துப்போன நரம்பணுக்களுக்கும் அதே கதைதான். இதைச் சொல்வது ஒரு சித்த மருத்துவன் என்பதைக் கவனியுங்கள். எண்ணெய்க்கு வேறு வேலைகள் உண்டு. தசை இறுக்கத்தைத் தளர்த்தும். மூட்டுகளை அசைத்துப் பழக்கும்போது துணைக்கு வரும். அதற்கு மேல் வாக்குக் கொடுப்பவர்களிடம் நகையை அடகு வைத்துப் பணம் கொண்டுபோய்க் கொடுக்காதீர்கள்.

அடுத்து நான் அவர்களைக் கேட்பேன்: "சரி, பிள்ளை என்ன விளையாடுறான்?"

அப்பாவும் அம்மாவும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொள்வார்கள். "விளையாட்டா? நீங்க வேற ஐயா! மொதல்ல குணமாகட்டும், அப்புறம் பாக்கலாம்."

இந்த 'அப்புறம்' வருவதற்குள் பையனுக்கு இருபத்தைந்து வயதாகிவிடும். உடம்பு பருத்து, தோள் சோர்ந்து, பேச ஒரு சிநேகிதன்கூட இல்லாமல் டி.வி. முன்னால் உட்கார்ந்திருப்பான். அதே 'அப்புற'த்தை 1948-லேயே ஓரங்கட்டிய ஒரு பல்கலைக்கழகம் அமெரிக்காவில் உண்டு. இல்லினாய்ஸ் பல்கலைக்கழகம். அங்கே நடந்த சங்கதியை நம் பெற்றோர் தெரிந்துகொள்ள வேண்டும் என்று எனக்கு வெகுநாள் ஆசை.

ராணுவ ஆஸ்பத்திரியில் ஒரு கல்லூரி

இரண்டாம் உலகப் போர் முடிந்ததும், ஊர் திரும்பிய வீரர்கள் கல்லூரியில் படிக்க அமெரிக்க அரசு பணம் கொடுத்தது. லட்சக்கணக்கில் வந்து சேர்ந்தார்கள். இல்லினாய்ஸ் பல்கலைக்கழகத்தில் இடம் போதவில்லை. கேல்ஸ்பர்க் என்ற ஊரில் ராணுவம் காலி செய்துவிட்டுப் போன 'மேயோ ஜெனரல்' ஆஸ்பத்திரி சும்மா கிடந்தது. அதில் ஒரு கிளையைத் திறந்தார்கள்.

ஆஸ்பத்திரி அல்லவா? நோயாளிகளைத் தள்ளிக்கொண்டு போவதற்கு ஏற்ற கட்டடம். அதனால் தண்டுவடம் அடிபட்டுக் கால் விழுந்துபோன வீரர்களும் அங்கே வந்து படிக்க முடிந்தது. 1948-ல் அவர்களுக்கென்று ஒரு தனித் திட்டம் ஆரம்பமானது. ஆரம்பித்தவர் டிமோதி நூஜென்ட். அப்போது அவருக்கு வயது 25! அவரும் போர்க்காலத்தில் ராணுவத்தில் இருந்தவர்தான்.

அந்தக் காலத்துப் பேச்சு எப்படி இருந்திருக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. 'இவங்களுக்குப் பட்டம் எதுக்கு? யார் வேலை கொடுக்கப்போறா?' நம் ஊரில் இன்றைக்கும் காதில் விழுகிற பேச்சுதானே!

ஒரு வருஷம் போவதற்குள் இடி விழுந்தது. கேல்ஸ்பர்க் கிளையையே மூடப்போகிறோம் என்றது மாநில அரசு. மற்ற மாணவர்களுக்குக் கவலை இல்லை, வேறு இடத்துக்குப் போய்விடலாம். சக்கர நாற்காலி மாணவர்கள் எங்கே போவார்கள்? 1949-ல் அவர்கள் கிளம்பித் தலைநகரான ஸ்பிரிங்ஃபீல்டுக்கே போய்ப் போராட்டம் நடத்தினார்கள். பல்கலைக்கழகத்தின் தலைமை வளாகமான அர்பானா-ஷாம்பெய்னுக்கும் போனார்கள். இந்தப் பெரிய வளாகத்திலும் எங்களால் நடமாட முடியும் என்று காட்டுவதற்காக! கடைசியில் ஒரு சோதனை முயற்சியாக அங்கே இடம் கிடைத்தது.

அந்தச் 'சோதனை முயற்சி' 75 வருஷத்தைத் தாண்டி இன்றும் நடக்கிறது. கட்டடங்களுக்குச் சாய்தளம் வந்தது. 1950-களிலேயே, சக்கர நாற்காலியோடு ஏற்றிக்கொள்ளும் லிஃப்ட் வைத்த பஸ்கள் அந்த வளாகத்தில் ஓடின. நடைபாதையின் முனைகளைச் சரிவாக வெட்டிவிட்டார்கள். இந்த அனுபவத்தையெல்லாம் திரட்டி, பொதுக் கட்டடங்கள் எப்படி இருக்க வேண்டும் என்ற அமெரிக்காவின் முதல் தேசிய அளவுகோல் 1961-ல் வெளியானது. அதன் ஆராய்ச்சியை முன்னின்று நடத்தியவரும் நூஜென்ட்தான். இன்று நம் ரயில் நிலையத்தில் சூட்கேஸை உருட்டிக்கொண்டு சரிவில் ஏறுகிறீர்களே, அந்த மாதிரிச் சரிவுகளுக்குப் பின்னால் இந்த மாணவர்களின் வியர்வையும் கொஞ்சம் இருக்கிறது.

ஆனால் நான் சொல்ல வந்தது சாய்தளத்தைப் பற்றி இல்லை. சாய்தளம் வரும்வரை காத்திருக்காமல், 1948-லேயே நூஜென்ட் ஒரு கூடைப்பந்து அணியைச் சேர்த்துவிட்டார்! பெயர் 'கிஸ் கிட்ஸ்'. சக்கர நாற்காலிக் கூடைப்பந்துக்கு ஒரு கல்லூரியில் உண்டான முதல் அணி அது. அடுத்த வருஷமே, 1949 ஏப்ரலில், நாட்டின் முதல் தேசியப் போட்டியைக் கேல்ஸ்பர்க்கிலேயே நடத்தினார். அந்த விளையாட்டுக்கான தேசியச் சங்கமும் அப்போதுதான் பிறந்தது. கால் நூற்றாண்டு காலம் அதைத் தலைமை ஏற்று நடத்தியவர் அவர்.

ஏன் விளையாட்டை முதலில் வைத்தார்? அந்த அணி ஊர் ஊராகப் போய்க் காட்சி ஆட்டம் ஆடியது. பார்க்க வந்தவர்களில் பாதிப் பேர் 'ஐயோ பாவம்' என்று நினைத்து வந்தவர்களாகத்தான் இருந்திருப்பார்கள். உள்ளே பார்த்தால், நாற்காலியோடு நாற்காலி மோதுகிறது. ஒருவன் குப்புற விழுகிறான். தானே எழுந்து உட்கார்ந்து அடுத்த பந்துக்குப் பாய்கிறான்! அப்படி ஒரு ஆட்டத்தை முழுசாகப் பார்த்துவிட்டு யாராவது 'ஐயோ பாவம்' சொல்வார்களா? விளையாடுகிறவன் உடம்புக்கு ஒரு மருந்து. பார்க்கிறவன் மனசுக்கு இன்னொரு மருந்து. நான் அப்படித்தான் எடுத்துக்கொள்கிறேன்.

உட்கார்ந்தே இருந்தால் என்ன ஆகும்?

உடம்புக்கு எப்படி மருந்து என்று கேட்கிறீர்களா? இதைக் கொஞ்சம் விவரமாகவே சொல்ல வேண்டும்.

முதல் உலகப் போர் காலத்தில் தண்டுவடம் முறிந்தவர்களில் பெரும்பாலோர் சீக்கிரமே இறந்துபோனார்கள். உயிரைக் குடித்தது முறிவு இல்லை. ஒன்று, படுக்கைப் புண். இன்னொன்று, மூத்திரப் பாதையில் சீழ் பிடித்துச் சிறுநீரகம் கெடுவது. இங்கிலாந்தில் ஸ்டோக் மாண்டவில் ஆஸ்பத்திரியில் 1944-ல் தண்டுவடப் பிரிவை ஆரம்பித்த டாக்டர் லுட்விக் குட்மன் இந்த இரண்டையும்தான் முதலில் குறிவைத்தார். நோயாளிகளை இரவு பகலாகப் புரட்டிப் படுக்கவைத்தார். எழுப்பி உட்காரவைத்தார். பிறகு கையில் வில்லைக் கொடுத்தார், பந்தைக் கொடுத்தார். 1948 ஜூலை 29, லண்டன் ஒலிம்பிக்ஸ் தொடங்கிய அதே நாளில், ஆஸ்பத்திரிப் புல்வெளியில் 16 பேரை வைத்து வில்வித்தைப் போட்டி நடத்தினார். 1960-ல் ரோம் நகரில் 23 நாடுகள் கூடிய முதல் பாராலிம்பிக்ஸுக்கு விதை அதுதான். கடலுக்கு இந்தப் பக்கம் ஒரு டாக்டர், அந்தப் பக்கம் ஒரு கல்லூரி வாத்தியார். இருவரும் ஒரே வருஷத்தில் ஒரே மருந்தை எழுதியிருக்கிறார்கள் பாருங்கள்!

வாதம், பித்தம், கபம் என்று சித்த மருத்துவம் கணக்குப் போடும். அசையாத உடம்பில் இந்தக் கணக்கு எப்படித் தப்பும் என்பதை வீட்டிலேயே பார்க்கலாம். மலம் கட்டும். பசி மந்தமாகும், ஆனாலும் எடை ஏறும். காலில் நீர் கோக்கும். தூக்கம் கெடும். நவீன மருத்துவம் இதையே வேறு மொழியில் சொல்கிறது: பெரிய கால் தசைகள் வேலை செய்யாதபோது உடம்பு செலவழிக்கும் சக்தி குறைகிறது, சர்க்கரையும் கொழுப்பும் கூடுகின்றன, எலும்பில் சுண்ணாம்புச் சத்து குறைகிறது. சக்கர நாற்காலியில் பல வருஷம் வாழ்கிறவர்களுக்கு இன்று பெரிய எதிரிகளில் ஒன்று மாரடைப்பு. கால் நடக்காவிட்டால் இதயத்துக்கு வேலை கொடுக்கக் கைகள்தானே மிச்சம்?

உலக சுகாதார நிறுவனம் 2020-ல் வெளியிட்ட உடற்பயிற்சி வழிகாட்டியில், உடல் குறைபாட்டோடு வாழ்கிறவர்களுக்கென்று முதல்முறையாகத் தனியாகவே அளவு சொல்லிவிட்டது. பெரியவர்களுக்கு வாரத்துக்கு 150 முதல் 300 நிமிஷம் மிதமான உழைப்பு. பிள்ளைகளுக்குத் தினமும் சராசரி 60 நிமிஷம். மற்றவர்களுக்குச் சொன்ன அதே அளவுதான்! சலுகை எதுவும் கிடையாது.

இரண்டு தள்ளு, ஒரு தட்டு

சக்கர நாற்காலிக் கூடைப்பந்தைப் பார்க்காதவர்களுக்காக ஒரு வார்த்தை. வளையத்தைத் தாழ்த்திக் கட்டுவார்கள் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். இல்லை! அதே 3.05 மீட்டர், பத்தடி உயரம். பந்தை மடியில் வைத்துக்கொண்டு சக்கரத்தை இரண்டு முறை தள்ளலாம். மூன்றாவதாகத் தள்ளுவதற்குள் பந்தைத் தரையில் தட்டவேண்டும், அல்லது யாருக்காவது கொடுக்கவேண்டும். உடம்பு எவ்வளவு கட்டுப்பாட்டில் இருக்கிறது என்று பார்த்து ஒவ்வொருவருக்கும் 1 முதல் 4.5 வரை புள்ளி தருவார்கள். சர்வதேச ஆட்டத்தில், களத்தில் இருக்கும் ஐந்து பேரின் புள்ளியும் சேர்ந்து 14-ஐத் தாண்டக்கூடாது. இதன் அழகைக் கவனியுங்கள். இடுப்புக்குக் கீழே அசைவே இல்லாத, 1 புள்ளிக்காரன் அணிக்குச் சுமை அல்ல. அவன் இல்லாமல் அணியே அமையாது!

பார்வை இல்லாதவர்களுக்கு 'கோல்பால்'. உள்ளே மணி வைத்த பந்து, பக்கத்துக்கு மூன்று பேர், எல்லோருக்கும் கண் கட்டு. பந்து வரும் சத்தத்தைக் கேட்டு உடம்பைக் குறுக்கே போட்டுத் தடுக்கவேண்டும். கூட்டம் மூச்சுவிடாமல் பார்க்கும். மூளை வாதத்தால் கைகால் விறைத்த பிள்ளைகளுக்கு 'போச்சியா'. நம் கோலிக்குண்டு ஆட்டத்துக்கு அண்ணன் முறை என்று வைத்துக்கொள்ளுங்கள். பந்தைக் கையால் எறிய முடியாதவர்கள் ஒரு சரிவுப் பலகையில் வைத்து உருட்டிவிடலாம். தரையில் உட்கார்ந்தே ஆடும் வாலிபாலுக்கு வலையின் உயரம் ஆண்களுக்கு 1.15 மீட்டர்தான். இதற்கு ஸ்பெஷல் நாற்காலிகூட வேண்டாம். ஒரு வலையும் வழுவழுப்பான தரையும் போதும்.

இல்லினாய்ஸ் வளர்த்த பெண்கள்

அந்த வளாகத்தில் படித்து விளையாடிய மூன்று பெண்களின் கதையைச் சொல்லியாக வேண்டும்.

ஷேரன் ஹெட்ரிக். சிறுமியாக இருந்தபோது துப்பாக்கி தவறுதலாக வெடித்ததில் தண்டுவடம் அடிபட்டது. 1977-ல் பாஸ்டன் மாரத்தானைச் சக்கர நாற்காலியில் முடித்த முதல் பெண் இவர். 1984 லாஸ் ஏஞ்சலிஸ் ஒலிம்பிக்ஸில் சக்கர நாற்காலிப் பந்தயத்தைக் காட்சிப் போட்டியாக வைத்தபோது, 800 மீட்டரில் முதலாவதாக வந்ததும் இவரே.

ஜீன் டிரிஸ்கால். பிறவியிலேயே முதுகெலும்பு மூடாத குறை. 'ஸ்பைனா பிஃபிடா' என்பார்கள். தடுமாறித் தடுமாறி நடந்துகொண்டிருந்த பெண்ணுக்குப் பதின்வயதில் இடுப்பில் ஆபரேஷன்கள் நடந்தன. பலன் இல்லை, சக்கர நாற்காலிக்கு வந்துவிட்டார். சக்கர நாற்காலியில் விளையாடுவதெல்லாம் நிஜ விளையாட்டா என்ற அலட்சியம் அவருக்கே இருந்ததாம்! ஒரு சிநேகிதர் வற்புறுத்தி அழைத்துப்போக, போன இடத்தில் ஆட்டத்தின் வேகத்தைப் பார்த்துப் பிடித்துக்கொண்டார். இல்லினாய்ஸ் பயிற்சியாளரின் கண்ணில் பட்டுப் பல்கலைக்கழகத்துக்கு வந்தார், படித்துப் பட்டமும் வாங்கினார். 1990-ல் ஆரம்பித்து 1996 வரை தொடர்ந்து ஏழு வருஷம் பாஸ்டன் மாரத்தானில் முதலிடம். 2000-ல் மறுபடியும். மொத்தம் எட்டு! 42 கிலோமீட்டரைக் கையால் கடப்பது என்றால் சும்மாவா? மூன்று சக்கர ரேஸ் நாற்காலியில் முட்டி மடக்கிக் குனிந்து உட்கார்ந்து, தடித்த கையுறை மாட்டி, சக்கரத்தின் விளிம்பைக் குத்திக் குத்தித் தள்ளவேண்டும்.

டாட்யானா மெக்ஃபேடன் ரஷ்யாவில் பிறந்தவர். அதே ஸ்பைனா பிஃபிடா. அநாதை இல்லத்தில் சக்கர நாற்காலி கிடையாது. ஆறு வயது வரை கைகளை ஊன்றித்தான் நடமாடினார். அமெரிக்கத் தாய் ஒருவர் தத்தெடுத்தார். உடம்பு தேற வேண்டுமே என்றுதான் அந்தத் தாய் பிள்ளையை விளையாட்டில் சேர்த்துவிட்டார். பள்ளியில் என்ன ஆனது தெரியுமா? மற்ற பிள்ளைகள் ஓடும்போது கூடவே ஓடக்கூடாது, தனியாக ஓடு என்றார்கள். காலி மைதானத்தில் தன்னந்தனியாக ஒரு பந்தயம்! தாயும் மகளும் கோர்ட்டுக்குப் போனார்கள். நஷ்டஈடு ஒரு காசு கேட்கவில்லை. கூட ஓட விடுங்கள் என்று மட்டும் கேட்டார்கள். 2006-ல் தீர்ப்பு அவர்கள் பக்கம் வந்தது. 2008-ல் மேரிலாண்ட் மாநிலம் இதற்கென்று சட்டமே போட்டது. அந்தப் பெண்தான் இல்லினாய்ஸில் படித்துக்கொண்டே பயிற்சி எடுத்து, 2013-ல் பாஸ்டன், லண்டன், சிகாகோ, நியூயார்க் நான்கு மாரத்தான்களையும் ஒரே வருஷத்தில் ஜெயித்தார். பாராலிம்பிக்ஸில் 20-க்கும் மேல் பதக்கம்.

இந்தக் கதையில் பதக்கக் கணக்கைவிட, அந்தக் காலி மைதானம்தான் என் மனசில் நிற்கிறது. பெஞ்சில் உட்காரவைத்துப் பை காவல் பார்க்கச் சொல்வதற்கும் அதற்கும் என்ன பெரிய வித்தியாசம்?

நூஜென்ட்டிடம் எனக்கு உடன்பாடு இல்லாத ஒரு சங்கதியும் உண்டு. மனிதர் ரொம்பக் கறார். யாரும் யாருடைய நாற்காலியையும் தள்ளக்கூடாது, தன் காரியத்தைத் தானே பார்த்துக்கொள்ள வேண்டும் என்பார். கைகால் ஓரளவு திடமாக இருந்தவர்களுக்கு அந்தக் கண்டிப்பு வாழ்க்கையைக் கொடுத்தது. ஆனால் குளிக்க, உடுத்த இன்னொருவர் துணை தேவைப்பட்டவர்களுக்கு ஆரம்ப காலத்தில் அங்கே இடம் கிடைப்பது கஷ்டமாக இருந்தது. அப்படிப்பட்டவர்கள் தங்கிப் படிக்கும் விடுதி 1981-ல்தான் வந்தது. உதவி வாங்கிக்கொள்கிறவனுக்கும் விளையாட உரிமை உண்டுதானே? கழுத்துக்குக் கீழே அசைவில்லாத பிள்ளைகூடத் தலையால் ஒரு குச்சியை அசைத்துப் போச்சியா பந்தை உருட்டிவிடும். அது உருளும்போது அந்த முகத்தைப் பார்க்கவேண்டும்!

களத்தில் இறங்கும் முன்

இனி வைத்தியன் பேச்சு. விளையாட்டு நல்லது என்று சொல்லிவிட்டு, கவனிக்க வேண்டியதைச் சொல்லாமல் விட்டால் தப்பு.

முதலில் தோல். உணர்ச்சி இல்லாத இடத்தில் புண் வந்தால் வலி சொல்லாது. கண்தான் பார்க்கவேண்டும். ஆடி முடித்ததும் புட்டம், குதிகால், முட்டி எல்லாவற்றையும் ஒரு கைக்கண்ணாடி வைத்துப் பாருங்கள். சிவந்த இடம் அரை மணி நேரத்தில் மறையாவிட்டால், அது சரியாகும்வரை அந்த இடத்தில் பாரம் படக்கூடாது. நாற்காலியில் இருக்கும்போது கால் மணி, அரை மணிக்கு ஒருமுறை கைகளை ஊன்றி உடம்பைத் தூக்கவோ, முன்னால் சாயவோ பழக்குங்கள். இருக்கையில் நல்ல மெத்தை கட்டாயம்.

வீட்டில் அடிக்கடி நடக்கும் ஒரு விபரீதத்தையும் சொல்லவேண்டும். பிள்ளை விளையாடிவிட்டு வந்திருக்கிறதே என்று பாட்டி ஆசையாக உப்பு வறுத்து, துணியில் முடிந்து, காலில் ஒற்றடம் கொடுப்பார். உணர்ச்சியில்லாத காலுக்குச் சூடு தெரியாது. கொப்புளம் கிளம்பி, அது ஆற மாதக்கணக்கில் ஆகும். ஒற்றடம், சூடான எண்ணெய், வெந்நீர்ப் பை மூன்றுமே உணர்ச்சி உள்ள இடத்துக்கு மட்டும்தான். தோள் வலிக்கு உளுந்துத் தைலத்தை இளஞ்சூட்டில் தேய்த்து வெந்நீரில் குளிக்கலாம், தப்பில்லை.

தோளைப் பற்றிச் சொன்னதும் ஞாபகம் வருகிறது. சக்கர நாற்காலிக்காரர்களுக்குத் தோள்தான் கால். அது போனால் எல்லாம் போச்சு. தள்ளித் தள்ளி முன்பக்கத் தசை மட்டும் முறுகிவிடும். அதனால் பின்பக்கம் இழுக்கும் பயிற்சியும் வேண்டும். ஒரு ரப்பர் பட்டையை ஜன்னல் கம்பியில் கட்டி, இரண்டு கையாலும் பின்னுக்கு இழுக்கச் சொல்லுங்கள். வலியோடு விளையாடச் சொல்லாதீர்கள்.

வெயில். தண்டுவடம் மேல் பாகத்தில் அடிபட்டவர்களுக்கு, அடிபட்ட இடத்துக்குக் கீழே சரியாக வியர்க்காது. உடம்பு தன்னைத் தானே குளிர்வித்துக்கொள்ள முடியாது. நம் ஊர் சித்திரை வெயிலில் இது உயிர் சமாசாரம். காலை ஏழு மணிக்கு முன்னால் அல்லது சாயங்காலம் ஆடட்டும். ஈரத்துணியைக் கழுத்தில் போடுங்கள், முகத்திலும் கையிலும் தண்ணீர் தெளியுங்கள். நீர்மோரும் நீராகாரமும் தாராளமாகக் கொடுங்கள். மூத்திரத்துக்குப் போக வேண்டியிருக்குமே என்று தண்ணீரைக் குறைக்கிற பழக்கம் நிறையப் பேருக்கு, அதிலும் பெண் பிள்ளைகளுக்கு உண்டு. கல்லும் சீழும் சேர அதைவிட நல்ல வழி கிடையாது!

மார்பின் நடுவுக்கு மேலே தண்டுவடம் அடிபட்டவர்களுக்கு இன்னொரு ஆபத்து. மூத்திரப்பை நிரம்பினாலோ குழாய் மடங்கினாலோ திடீரென்று ரத்த அழுத்தம் எகிறும். மண்டை பிளப்பதுபோல் வலி, முகம் சிவத்தல், வியர்வை. உடனே நிமிர்த்தி உட்காரவைத்து, இறுக்கமான பெல்ட்டைத் தளர்த்தி, மூத்திரம் வெளியேற வழி செய்யவேண்டும். அடங்காவிட்டால் ஆஸ்பத்திரிக்கு ஓடவேண்டும். எண்ணெய் தேய்த்துப் பார்க்கும் நேரம் இல்லை அது.

டவுன் சிண்ட்ரோம் பிள்ளைகளில் சிலருக்குக் கழுத்து எலும்பின் மேல் மூட்டு தளர்ந்திருக்கும். குட்டிக்கரணம், தலைகீழாகக் குளத்தில் குதிப்பது போன்றவற்றுக்கு முன்னால் டாக்டரிடம் காட்டிவிடுங்கள். வலிப்பு உள்ள பிள்ளைகள் நீந்தலாம். ஆனால் அந்தப் பிள்ளை ஒன்றையே பார்த்துக்கொண்டு ஒருவர் கூடவே இருக்கவேண்டும்.

நம் கல்லூரியில் கேளுங்கள்

'அமெரிக்காவில் நடக்கும், இங்கே நடக்குமா?' என்பீர்கள். சேலம் மாவட்டம் பெரியவடகம்பட்டியைச் சேர்ந்த மாரியப்பன் தங்கவேலுவை எடுத்துக்கொள்ளுங்கள். ஐந்து வயதில் பஸ் ஏறி வலது கால் நசுங்கியது. பள்ளி உடற்கல்வி ஆசிரியர் அவரைப் பெஞ்சில் உட்காரவைக்கவில்லை, உயரம் தாண்டச் சொன்னார். 14 வயதில், கால் நன்றாக இருந்த பிள்ளைகளோடு போட்டியிட்டு இரண்டாம் இடம் பிடித்தார். 2016 ரியோவில் 1.89 மீட்டர் தாண்டித் தங்கம். டோக்கியோவில் வெள்ளி, 2024 பாரிஸில் வெண்கலம். அதே பாரிஸில் பேட்மிண்டனில் நம் துளசிமதி முருகேசன் வெள்ளியும், மனிஷா ராமதாஸும் நித்யஸ்ரீ சிவனும் வெண்கலமும் வாங்கி வந்தார்கள்.

சட்டமும் உங்கள் பக்கம் இருக்கிறது. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் 30-வது பிரிவு முழுக்க விளையாட்டைப் பற்றித்தான். 32-வது பிரிவு, அரசு மற்றும் அரசு உதவி பெறும் உயர்கல்வி நிறுவனங்களில் குறைந்தது 5 சதவீத இடம் என்கிறது. சீட் கொடுத்துவிட்டு மைதானத்தின் கேட்டைப் பூட்டிவைத்தால் எப்படி? மாநில அரசு நடத்தும் முதலமைச்சர் கோப்பைப் போட்டிகளில் மாற்றுத்திறனாளிகளுக்குத் தனிப் பிரிவு இருக்கிறது. சென்னை ஐ.ஐ.டி.யில் 2019-ல் எழுந்து நிற்க உதவும் 'அரைஸ்' நாற்காலியை வடிவமைத்தார்கள். உடம்பு அளவுக்கு ஏற்றபடி அமையும் நாற்காலியும் அங்கிருந்து வந்திருக்கிறது. ஆஸ்பத்திரியில் நோயாளியைத் தள்ளும் கனத்த இரும்பு நாற்காலியில் விளையாட்டு வராது. அதைப் பையனுக்கு நிரந்தரமாக வாங்கிவிடாதீர்கள்.

அட்மிஷன் சமயத்தில் ஹாஸ்டல் கட்டணமும் பஸ் வசதியும் விசாரிக்கிறீர்கள் அல்லவா? அதோடு பிசிகல் டைரக்டரையும் ஒரு தடவை பாருங்கள். "சார், என் பொண்ணு வீல்சேர்ல இருக்கா. இங்க என்ன விளையாடலாம்?" என்று கேளுங்கள். மைதானத்துக்குப் போக வழி இருக்கிறதா, அங்கே அவள் போகக்கூடிய கழிப்பறை இருக்கிறதா, இன்டோர் ஹாலுக்கு எத்தனை படி என்று நேரில் நடந்து பாருங்கள். பெண் பிள்ளையின் விளையாட்டு பெரும்பாலும் கழிப்பறை வாசலில்தான் நின்றுபோகிறது. 'அப்படி யாரும் இதுவரைக்கும் கேட்டதில்லையே' என்பார். நீங்கள் முதல் ஆளாக இருந்துவிட்டுப் போங்கள். போச்சியாவுக்குச் சரிவுப் பலகை செய்ய உள்ளூர் ஆசாரியும், ஒரு பி.வி.சி. பைப்பும் போதும். பார்வை இல்லாத பிள்ளைக்குச் சத்தம் போடும் பந்து கிடைக்கவில்லையா? சாதாரணப் பந்தை ஒரு சரசரக்கும் பாலிதீன் பையில் போட்டு இறுக்கிக் கட்டுங்கள். உருளும்போது சத்தம் வரும். இன்றைக்குச் சாயங்காலமே, ஹாலில் இரண்டு சேரை ஒதுக்கிவிட்டு ஆரம்பிக்கலாம்.